வீட்டு வாசலில் இன்ஜின் ஆயில் மாற்றுவது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

இன்ஜின் ஆயில் மாற்றுவது என்றால் மூன்றே வேலைதான். அடியில் ஒரு நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்க வேண்டும். ஃபில்டரைத் திருகி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். மேலே மூடியைத் திறந்து புது ஆயிலை ஊற்ற வேண்டும். கெட்டுப்போகிற இடங்களும் மூன்றுதான்: வண்டியைத் தூக்கும் விதம், நட்டின் மரை, ஃபில்டரின் ரப்பர் வளையம். முதலாவது தவறினால் ஆளுக்கு ஆபத்து, மற்ற இரண்டும் தவறினால் இன்ஜினுக்கு ஆபத்து. மீதி எது பிசகினாலும் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் நிறையக் கண்ணில் படுகிற மாருதி ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலை (கே12எம் இன்ஜின்) உதாரணமாக வைத்துச் சொல்கிறோம். மற்ற சிறிய பெட்ரோல் கார்களிலும் வரிசை இதேதான். அளவும் கிரேடும் மட்டும் மாறும். அவற்றுக்கு உங்கள் காரின் மானுவல்தான் கடைசி வார்த்தை. தெரு முனை மெக்கானிக் சொல்வதற்கும் மானுவலுக்கும் ஒத்துப்போகாவிட்டால் மானுவல் பக்கம் நில்லுங்கள்.

பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இறங்கினால் முதல் தடவை ஏமாற்றம்தான். ஸ்டாண்டு, சாக்கெட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) என்று வாங்கவே அந்த மிச்சம் போய்விடும். மூன்றாவது நான்காவது தடவையில்தான் கணக்கு சரியாகும். ஆனால் இன்ஜினுக்குள் போனது என்ன ஆயில், ஃபில்டர் உண்மையிலேயே மாறியதா, நட்டை எவ்வளவு முறுக்கினார்கள் என்ற மூன்று கேள்விக்கும் முதல் நாளே உங்களிடம் பதில் இருக்கும்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். குறித்த சர்வீஸை அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் செய்த பதிவு இல்லாவிட்டால், பின்னால் இன்ஜின் கோளாறுக்கு வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரலாம். வாரண்டி முடியும்வரை அங்கேயே கொடுத்துவிட்டு, பிறகு சொந்தக் கையில் எடுத்துக்கொள்வது நிம்மதி.

எப்போது மாற்றுவது

மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வருடத்துக்கு 3,000 கி.மீ.தான் ஓட்டுகிறேன் என்பவர்களும் வருடம் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். ஓடாத வண்டியில் ஆயில் கெடாது என்பது தப்புக் கணக்கு. பிள்ளையைப் பள்ளியில் விட 2 கி.மீ. போய், அதே 2 கி.மீ. திரும்பி வருகிற வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். இப்படி ஓடும் வண்டிகளுக்கென்று மானுவலில் கடுமையான பயன்பாடு என்ற தனி அட்டவணை இருக்கும். அதில் இடைவெளி குறைவு.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அது புகைக்கரி, ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சி.என்.ஜி. வண்டியில் 8,000 கி.மீ. தாண்டியும் தேன் நிறத்தில் இருக்கும். இரண்டுக்கும் மாற்றும் கணக்கு ஓடோமீட்டரும் காலண்டரும்தான்.

ஆயில் வாங்குவது

கே12எம் இன்ஜினுக்கு 0டபிள்யூ-20. முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கின்றன. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு மெல்லிய ஆயில் தாங்காது, 20டபிள்யூ-50 ஊற்று என்பார்கள். பழைய கார்களின் காலத்துப் பேச்சு அது. இன்ஜினின் சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். வெளியே ஊட்டியின் 12 டிகிரியானாலும் வேலூரின் 41 டிகிரியானாலும், ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏறத்தாழ ஒரே சூடுதான். இன்றைய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி குறைவு. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது, அதற்குப் போகும் துளைகளும் சிறியவை. கெட்டி ஆயில் போட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரம் எடுக்கும், மைலேஜும் குறையும்.

கேனில் இன்னொன்றும் பாருங்கள்: அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வகுத்த ஏ.பி.ஐ. தரம். பெட்ரோலுக்கு எஸ் எழுத்தில் தொடங்கும். எஸ்.என். நல்லது, 2020-இல் வந்த எஸ்.பி. அதைவிடப் புதியது. புதிய தரம் பழையதின் இடத்தில் போகும், பழையது புதியதின் இடத்தில் போகாது. பி.எஸ்.6 டீசல் வண்டியில் டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருந்தால் சாம்பல் குறைவான தனி வகை ஆயில் வேண்டும். பெயர் தெரிந்த கம்பெனி என்பதற்காக வேறு டீசல் ஆயிலை ஊற்றினால் அந்த விலை உயர்ந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

அளவு, ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது சுமார் 3.1 லிட்டர். 3.5 லிட்டர் கேன் ஒன்று வாங்கினால் போதும், மிச்சம் இடையில் குறைந்தால் ஊற்ற உதவும். போலி ஆயில் சந்தையில் உண்டு. அதனால் கார் கம்பெனியின் உதிரிபாகக் கடையிலோ ஆயில் கம்பெனியின் நேரடி விநியோகஸ்தரிடமோ பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல், உள்ளே இருக்கும் தகடு, கேனில் அச்சிட்ட தேதி மூன்றையும் கடையிலேயே பாருங்கள்.

கூடவே புது ஃபில்டர், டிரெயின் நட்டுக்கு (ஆயிலை இறக்கக் கழற்றும் அடி நட்டு) ஒரு புது வாஷர். வாஷர் காசு பெறாத பொருள், அதனாலேயே பலர் மறந்துவிடுவார்கள். அது ஒருமுறை நசுங்கி அடைப்பதற்காகச் செய்த மெல்லிய உலோகம். பழையதையே திரும்பப் போட்டால் சொட்டும், சொட்டுவதை நிறுத்த நட்டை இன்னும் முறுக்குவீர்கள், மரை போகும். சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டு) நாசமான கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் டப்பா மருந்துகள் எதுவும் வேண்டாம். ஆயிலுக்குள் தேவையானதை எல்லாம் தயாரித்தவர்களே கலந்துதான் அனுப்புகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை

டிரெயின் நட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை சாக்கெட். மாருதியில் பெரும்பாலும் 17 மி.மீ., சில மாடல்களில் 14. வாங்கும் முன் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரும் ஓப்பன் ஸ்பேனரும் இந்த நட்டின் முனைகளை வழுக்கிவிடும், அவற்றைத் தள்ளி வையுங்கள். ஃபில்டரின் தலையில் கவிழ்த்துத் திருகும் கப் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பெல்ட் வகை ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் முதல் தடவைக்கு மிக நல்லது.

பிறகு 5 லிட்டராவது பிடிக்கும் அகலமான பாத்திரம். பழைய 15 லிட்டர் சமையல் எண்ணெய் டின்னைப் படுக்கவைத்து ஒரு பக்கம் வெட்டி, ஓரத்தைத் தட்டி மழுக்கினால் அருமையான தட்டு கிடைக்கும். புனல், நைட்ரைல் கையுறை, பனியன் வேஸ்ட், விரிக்க அட்டைப்பெட்டி, சிந்தினால் போட மரத்தூள் அல்லது மணல். கையுறை அலங்காரத்துக்கு இல்லை. பழைய ஆயில் வருடக்கணக்காகத் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரை போகும்.

வண்டியைத் தூக்குவது

இந்தப் பகுதியில் மட்டும் சமரசம் கிடையாது. வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் தலையை நுழைக்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. ஹைட்ராலிக் டிராலி ஜாக்கியும் அப்படித்தான். அது தூக்கும் சாதனம், தாங்கும் சாதனம் இல்லை. உள்ளே ஒரு சீல் விட்டுக்கொடுத்தால் வண்டி சத்தமில்லாமல் இறங்கும்.

செங்கல், ஹாலோ பிளாக் வைத்து முட்டுக்கொடுப்பது நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. சுவரில் பரவலாகப் பாரம் ஏற்றும்போது தாங்குகிற ஹாலோ பிளாக், ஒரே புள்ளியில் பாரம் விழும்போது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். மரம் என்றால் முறிவதற்கு முன் கிரீச்சிடும், இது அதுகூடச் செய்யாது.

பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று, முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் ரேம்ப். அகலமான கனத்த மரப்பலகைகளைப் படிபோல் அடுக்கி ஆணியடித்து 12 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு நீங்களே செய்துகொள்ளலாம். வண்டி தன் சக்கரத்திலேயே நிற்பதால் இது மிக நிம்மதியான ஏற்பாடு. ஏற்றும்போது முன்னால் ஒருவர் பக்கவாட்டில் நின்று கை காட்டட்டும், நேர் எதிரே நிற்க வேண்டாம். இரண்டாவது, ஜாக்கியால் தூக்கி இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளில் இறக்குவது. ஸ்டாண்டு ஒவ்வொன்றும் 2 டன் தாங்குவதாக இருந்தால் இந்த அளவு காருக்குத் தாராளம். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில், டயர் மாற்ற ஜாக்கி வைக்கும் இடமாக மானுவல் காட்டும் வெட்டுகளுக்கு அருகில் நிறுத்துங்கள்.

தரை சமமாக, கெட்டியான சிமெண்டாக இருக்க வேண்டும். வாசலில் பேவர் பிளாக் போட்டிருந்தால் ஸ்டாண்டின் கால் ஒரு கல்லை அழுத்திச் சாய்க்கும், அடியில் கனமான பிளைவுட் துண்டு வையுங்கள். வெயிலில் இளகிய தார் ரோடு வேண்டவே வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு பானட்டின் ஓரத்தைப் பிடித்து நன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் திரும்ப இறக்கி முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

சாவி வீட்டுக்குள், வண்டியிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஹைபிரிட் கார்களில் இது கட்டாயம். வண்டி ஆன் நிலையில் இருந்தால் பேட்டரி குறையும்போது இன்ஜின் தானே ஸ்டார்ட் ஆகும். சம்பில் ஆயில் இருக்கிறதா என்று அது உங்களைக் கேட்காது.

பழைய ஆயிலை இறக்குவது

தூக்குவதற்கு முன்பே இன்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். லேசாகச் சூடான ஆயில் இளகி, அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். நெடுந்தூரம் போய்வந்த கையோடு செய்யக் கூடாது. அப்போது ஆயில் 90 டிகிரிக்கு மேல் இருக்கும், பக்கத்திலேயே சைலன்ஸர் குழாய் அதைவிடக் கொதிக்கும். அப்படி வந்திருந்தால் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியை முதலிலேயே தளர்த்திவிடுங்கள். காற்று உள்ளே போனால் ஆயில் சீராக இறங்கும். அந்த மூடி திறக்க வருகிறதா என்பதும், பழையதை இறக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் கொஞ்சம் மேலே இழுத்து வையுங்கள்.

இப்போது அடியில். புதியவர்கள் ஏமாறும் இடம் இது: அங்கே இரண்டு பிளக் (டிரெயின் நட்டு) தெரியும். ஒன்று இன்ஜினுடையது, மற்றது கியர்பாக்ஸுடையது. சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்சில்களும் எந்த அலுமினியக் கூட்டுக்குள் நுழைகின்றனவோ அது கியர்பாக்ஸ், அதன் பிளக்கைத் தொடாதீர்கள். இன்ஜின் சம்ப் அதற்குப் பக்கத்தில், மேலே இருக்கும் இன்ஜினுக்கு நேர் கீழே, தட்டுப்போல இருக்கும். அதன் அடியிலோ பக்கத்திலோ தனியாக ஒரு நட்டு. சந்தேகம் இருந்தால் கழற்றாதீர்கள். கியர் ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜினில் ஏற்கெனவே இருப்பதோடு இன்னொரு 3 லிட்டர் ஊற்றினால் ஒரே நாளில் இரண்டு உறுப்பும் போய்விடும். அடியில் பிளாஸ்டிக் கவர் இருக்கும் வண்டிகளில் முதலில் அதன் கிளிப்புகளைக் கழற்ற வேண்டும்.

நட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தளர்த்துங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது திசை குழம்பும். எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை என்றால், இறுக்கிக்கொண்டிருக்கிறீர்களோ என்று ஒருமுறை யோசியுங்கள். முதல் அரைச் சுற்று ஸ்பேனரால், பிறகு கையால். சுற்றும்போது நட்டை உள்நோக்கி அழுத்தியே பிடித்திருங்கள். கடைசி மரை விட்டது கைக்குத் தெரியும், அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் நட்டு ஆயிலுக்குள் விழாது, முழங்கை வரை வழியாது.

பிளக் பக்கவாட்டில் இருந்தால் ஆயில் முதலில் ஒரு சாண் தூரம் பீய்ச்சும். அளவு குறையக் குறையத் தாரை செங்குத்தாகிச் சம்புக்கு அருகே விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். காற்று அடித்தால் கடைசியில் வரும் மெல்லிய நூல் எங்கோ போய் விழும், அதற்குத்தான் அட்டைப்பெட்டி.

சொட்டாகும்வரை 15 நிமிடம் விடுங்கள். இந்த நேரத்தில் தட்டில் விழுந்ததைப் பாருங்கள். கறுப்பு சரி. பால் கலந்த காபி நிறம் என்றால் கூலண்ட் உள்ளே கலக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் எரியாத பெட்ரோல் இறங்குகிறது. விரலில் தேய்க்கும்போது மினுமினுக்கும் துகள்கள் நிறையத் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. மூன்றில் எது தெரிந்தாலும் ஆயில் மாற்றியதோடு விடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நட்டைத் திரும்பப் போடுவது

நட்டையும் சம்பில் அது உட்காரும் முகத்தையும் துடையுங்கள். பழைய வாஷர் சில சமயம் சம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அது அங்கே இருக்கப் புதியதையும் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள்.

புது வாஷர் மாட்டி, நட்டை வெறும் விரலால் ஏற்றுங்கள். நான்கைந்து சுற்று விரலாலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, உடனே கழற்றி மறுபடி ஏற்றுங்கள். பிடிக்கும் இடம் தெரியாவிட்டால் முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள், டக்கென்று ஓர் அமர்வு தெரியும், அங்கிருந்து இறுக்கத் தொடங்குங்கள். ஸ்பேனரோடு ஆரம்பிப்பவர்களுக்குத்தான் மரை கழல்கிறது. ஆளைப் பார்த்து மரை கழன்ற கேஸ் என்று சொல்லிச் சிரிப்போம், சம்பில் கழன்றால் சிரிப்பு வராது. ஹெலிகாயில் (மரைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டு மரை புதுப்பிக்க வேண்டும், அல்லது சம்பையே மாற்ற வேண்டும்.

மாருதி சொல்லும் முறுக்கு 35 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இருந்தால் அந்த எண்ணில் வைத்து டிக் சத்தம் வந்ததும் நிறுத்துங்கள், இன்னொரு டிக் வேண்டாம். ரெஞ்ச் இல்லாவிட்டால் கணக்கு இப்படி: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை. ஒரு கையால் உறுதியாக இழுப்பது, அவ்வளவுதான். காலால் உதைப்பது, குழாயை மாட்டி நீட்டுவது எல்லாம் லாரி வீல் நட்டுக்கு.

ஃபில்டர்

தட்டை ஃபில்டருக்குக் கீழே நகர்த்துங்கள், கழற்றும்போது அதிலிருந்தும் கொஞ்சம் ஆயில் வழியும். சைலன்ஸர் பக்கம் வழிந்தால் இப்போதே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்ததும் புகை வந்து பயமுறுத்தும்.

கை வழுக்கினால் ஃபில்டரைச் சுற்றி உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்ளே பார்த்தபடி சுற்றிப் பிடியுங்கள், பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்பும் பழைய வித்தையைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். தகரம் மட்டும் கிழிந்து அடிப்பாகம் இன்ஜினிலேயே தங்கிவிட்டால், அன்றைக்கு வண்டி வாசலைவிட்டு நகராது.

கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அது இன்ஜின் முகத்தில் ஒட்டியிருக்கிறது. இதைப் பார்க்காமல் புதியதைப் போட்டால் ரப்பர்மேல் ரப்பர். நிற்கும்போது சொட்டாது. ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, ஓரிரு நிமிடத்தில் மொத்த ஆயிலையும் தரையில் கொட்டிவிடும். வீட்டில் ஆயில் மாற்றி இன்ஜினைச் சீஸ் ஆக்கிக்கொள்வதற்கு (உள்ளே இறுகி நின்றுபோக வைப்பதற்கு) இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

முகத்தைத் துடைத்து, புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் புது ஆயில் தடவுங்கள். காய்ந்த ரப்பர் இறுக்கும்போது சுருண்டு கிழியும். ஃபில்டர் செங்குத்தாக, வாய் மேலே பார்த்து உட்காரும் வண்டி என்றால் பாதிவரை ஆயில் ஊற்றிப் போடலாம். படுக்கையாகவோ சாய்வாகவோ என்றால் ஊற்ற வேண்டாம், வழிந்துவிடும்.

கையால் ஏற்றி, ரப்பர் முகத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அங்கிருந்து முக்கால் சுற்று. ரெஞ்சில் அளந்தால் 14 நியூட்டன் மீட்டர். ஃபில்டரின் பக்கத்தில் மார்க்கரால் நான்கு கோடு போட்டுவைத்தால் முக்கால் சுற்று கண்ணுக்குத் தெரியும். ஃபில்டர் ரெஞ்சால் நெரித்து இறுக்கினால் அடுத்த வருடம் கழற்றப்போவதும் நீங்கள்தான்.

சில கார்களில் தகர டப்பா இல்லாமல், ஒரு கூட்டுக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கும். அதில் ஃபில்டரோடு வரும் ஓ-ரிங்கையும் அதே பள்ளத்தில் மாற்ற வேண்டும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மூடியிலேயே பொறித்திருக்கும்.

ஊற்றுவது

ஊற்றும் முன் ஒரு நிமிடம் நின்று, நட்டு இறுகியதா, ஃபில்டர் போட்டாயிற்றா என்று திரும்பப் பாருங்கள். நட்டே போடாமல் மேலிருந்து ஊற்றியவர்கள் உண்டு, வாசலில் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

புனல் வைத்து முதலில் 2.7 லிட்டர் ஊற்றுங்கள். கேனின் பக்கத்தில் அளவுக்கோடு இருக்கும். வண்டியைச் சமதரைக்கு இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்க இறக்கி, எடுத்துப் பாருங்கள். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையில் வந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம்.

மூடியைப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபில்டர் காலியாக இருப்பதால் சிவப்பு ஆயில் விளக்கு வழக்கத்தைவிட ஓரிரு நொடி கூடுதலாக எரியும், பயப்பட வேண்டாம். பத்து நொடியாகியும் அணையவில்லை என்றால் உடனே ஆஃப். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நொடியும் பேரிங்கைத் தின்னும்.

விளக்கு அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு, தள்ளி நின்று டார்ச் அடித்து நட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக். ஃபில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும், மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். இனி நூறு, இருநூறு மில்லியாக ஊற்றி மேல்குறிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். பழையது முழுவதும் ஒருபோதும் இறங்காது என்பதால், 3.1 லிட்டர் முழுக்கப் போகாவிட்டாலும் தப்பில்லை. கடைசி வார்த்தை டிப்ஸ்டிக்குடையது.

கூட இருந்தால் நல்லதுதானே என்று மேல்குறியைத் தாண்டாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது உயர்ந்த ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்காது. மூச்சுக்குழாய் வழியாக ஆயில் இன்டேக்குக்குள்ளும் போகும், நீலப் புகை வரும். கூடிவிட்டால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடலாம். நட்டை மறுபடி தளர்த்துவதைவிட இது எளிது.

பழைய ஆயில்

சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கதவு நிலைக்குக் கரையான் மருந்தாகத் தடவுவதும், சென்ட்ரிங் ஷீட்டுக்குப் பூசுவதும், வேலியோரப் புல்லைக் கருக்க ஊற்றுவதும் பரவலாக நடக்கிறது. உலோகத் துகளும் நஞ்சும் கலந்த அந்த எண்ணெய் மண்ணில் இறங்கினால் அங்கேயேதான் கிடக்கும். கிணற்றடி பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம்.

அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். அதைத் திரும்பச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பை ஆயில் உற்பத்தியாளர்கள்மேல் வைக்கும் திருத்தம் 1 ஏப்ரல் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது சுலபம். மிச்சமிருக்கும் புது ஆயிலைச் சுத்தமான வேறு பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, அது வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடுங்கள். பழைய ஆயிலில் கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதுவும் கலக்க வேண்டாம், கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பிறகு, பழைய ஆயிலை உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பெரிய ஒர்க்‌ஷாப் எதிலாவது கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பழைய ஃபில்டரைக் குத்தி ஓட்டை போட்டு, ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் அதிலும் கொஞ்சம் வடியும். கேனைத் திரும்ப வாங்கும்போது கத்தியால் கீறிவிட்டுப் பழைய சாமான் கடையில் போடுங்கள். முழுசாகப் போகும் கம்பெனி கேனுக்குப் போலி ஆயில்காரர்களிடம் நல்ல விலை.

அன்றைக்கு ஓடிய கிலோமீட்டர், தேதி, ஆயில் கிரேடு, ஊற்றிய அளவு நான்கையும் எழுதி, பில்லோடு வண்டிக் காகிதங்களில் வைத்துவிடுங்கள். டேஷ்போர்டில் சர்வீஸ் நினைவூட்டல் இருந்தால் மானுவல் பார்த்து ரீசெட் செய்யுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை இல்லை என்றால், 50 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கறை இருந்தால் ஓட்டாமல், அது நட்டுக்கு நேர் கீழே இருக்கிறதா, ஃபில்டருக்கு நேர் கீழே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.